கதவில் ஒரு சாக்பீஸ் கோடு

சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு அலைந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பத்தி எழுதிவிட்டு நிறுத்திவிடுவேன். அந்தக் கதையில் தவறு செய்தவன் நான் என்பதுதான் காரணம்.

சென்னையின் தெற்கு விளிம்பில், நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை அரசு குடிவைத்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்றில் நடந்தது அது. எதுவென்று சொல்லப்போவதில்லை; அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு கெட்ட பெயர் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஏழு பேர், ஒரு சிறு தன்னார்வக் குழு. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. கதவுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எந்த வீட்டில் கேட்டாயிற்று, எந்த வீட்டில் கேட்கவில்லை என்று முதல் நாளே குழம்பிப்போனோம். இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கேட்டு முடித்த வீட்டுக் கதவின் மேல் மூலையில் சாக்பீஸால் ஒரு கோடும் படிவத்தின் எண்ணும் போட்டுவிட்டால் போயிற்று. யாருக்கும் தொந்தரவில்லை, துடைத்தால் அழிந்துவிடும். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அன்று மாலைக்குள் ஒரு பிளாக் முழுக்கக் கோடு போட்டு முடித்தோம்.

மறுநாள் காலை போனபோது ஒரு கதவிலும் கோடு இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது, சில கதவுகளில் இன்னும் காயாமல். தட்டினால் உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. முந்தைய நாள் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்ன வீடுகள் அவை. மூன்றாம் மாடியில் ஓர் அம்மாள் மட்டும் திறந்தார். அறுபது வயதிருக்கும். ஒன்றும் பேசவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துணிக்கடைப் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, பழைய முகவரியின் மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் என்று எல்லாம் பால் கவர் மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"எல்லாம் சரியாக இருக்கிறது, தம்பி. எப்போது கிளம்ப வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. எங்கே கிளம்புவது என்று திருப்பிக் கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கேயும் இப்படித்தான் கணக்கெடுக்க வந்தீர்கள். கதவில் நம்பர் போட்டீர்கள். பத்தாம் நாள் லாரி வந்தது." அந்த 'வந்தீர்கள்', 'போட்டீர்கள்' என்பதில் நான் மாட்டிக்கொண்டேன். அது நானில்லை அம்மா, அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த வேறுபாடு அவருக்குத் தேவைப்படவில்லை. கையில் காகிதம், கழுத்தில் அட்டை, கதவில் எண். லாரிக்கு முன்னால் வருபவன் எப்படி இருப்பான் என்று அவருக்குத் தெரியும்.

அந்த இரவு பிளாக்கில் பாதிப் பேர் தூங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. சில வீடுகளில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் காலையில் வேலைக்குப் போகவில்லை. போன நேரத்தில் லாரி வந்துவிட்டால்? ஒரு சிறுமிக்குக் காய்ச்சல். 'பயந்த கோளாறு' என்று சொல்லி, பக்கத்துப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகை முடியும்வரை வாசலில் காத்திருந்து, ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்கள். நான் நல்ல காரியம் செய்யப் போன இடத்தில் ஒரு துண்டு சாக்பீஸால் நடந்தது இவ்வளவும்.

பெயரும் பயிற்சியும்

சில மாதங்கள் கழித்து ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். குளிரூட்டப்பட்ட அரங்கம், பிஸ்கட், தேநீர். 'ட்ராமா இன்ஃபார்ம்டு' அணுகுமுறை பற்றிய வகுப்பு. கையில் கொடுத்த தாளில் அதைத் தமிழில் 'அதிர்ச்சித் தகவலறிந்த பராமரிப்பு' என்று போட்டிருந்தார்கள். படித்ததும் பக்கத்தில் இருந்தவர் என் காதில், "அதிர்ச்சித் தகவல் யாருக்கு, நமக்கா?" என்றார். 'மனக்காயம் அறிந்து நடப்பது' என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். பயந்த கோளாறு என்று ஊரில் சொல்வதே இதற்குப் பாதி வழி வந்துவிடுகிறது. அந்தச் சொல்லில் பயந்தவளிடம் குற்றமில்லை. அவளைப் பயமுறுத்திய ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது என்பது உள்ளடங்கியிருக்கிறது.

வகுப்பில் சொன்னதில் பாதியை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். 1998-இல் முதல் முடிவுகள் வெளியான புகழ்பெற்ற ஆய்வு: சான் டியேகோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர்கள் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறு வயதில் பட்ட துன்பங்களைக் கேட்டு, அவை நடுவயதில் இதயநோயாகவும் குடிப்பழக்கமாகவும் மனச்சோர்வாகவும் முளைப்பதைக் காட்டியது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அதில் கேட்கப்பட்டவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவை: அடி, வசை, குடிகாரத் தந்தை, பிரிந்த பெற்றோர். வீட்டையே ஒரு காலையில் இடித்துத் தள்ளுவது அந்தப் பட்டியலில் இல்லை. காப்பீடு வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்திடம் கேட்ட கேள்விகள் அப்படித்தான் இருக்கும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறோர் இடத்தில். அமெரிக்காவில் மனநலச் சேவைகளுக்கான மத்திய நிர்வாகம் 2014-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நிறுவனம் மனக்காயம் அறிந்து நடக்கிறதா என்பதற்கு அது நான்கு அடையாளம் சொல்கிறது. காயம் எவ்வளவு பரவலானது என்பதை உணர்வது, அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தன் விதிகளையும் பழக்கங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது ஆகியவை முதல் மூன்று. நான்காவது, தானே மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது. பயிற்சியாளர் முதல் மூன்றுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, உணவு இடைவேளை நெருங்கிவிட்டதால் நான்காவதை ஒரு நிமிடத்தில் கடந்தார். எனக்கோ அந்த ஒன்றுதான் பாடம். மற்ற மூன்றும் 'அவர்களை' நாம் எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றியவை. நான்காவது நம் சட்டைப்பையில் இருக்கும் சாக்பீஸைப் பற்றியது.

அன்றிலிருந்து ஒரு கருத்து என்னை விடாமல் நச்சரிக்கிறது. நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே உடனே வரும் தீர்வு, 'ஓர் ஆற்றுப்படுத்துநரை நியமிக்கலாம்' என்பது. வாரம் இரண்டு நாள், சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காயப்படுத்திக்கொண்டே இருக்க, சனிக்கிழமை ஒருவர் வந்து மருந்து போடுவது என்ன ஏற்பாடு?

நாற்றும் குலுக்கலும்

குடிசை மாற்று வாரியத்தின் கதையை நான் இங்கே விரிக்கப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1971-இன் சட்டம், 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகம், 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்ற புதுப் பெயர். தொடக்க காலத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். பிறகு நகரத்தின் நிலவிலை ஏற, வீடுகள் வெளியே போயின. 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதற்குப் பின் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். பல நேரங்களில் கல்வியாண்டின் நடுவில். பிள்ளைகள் பழைய பள்ளிக்கே போவதற்காக விடியும் முன் எழுந்து நகரத்துக்குப் பஸ் பிடித்த கதையைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

மிண்டி ஃபுல்லிலவ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டதை ஆராய்ந்து, அந்த இழப்புக்கு 'வேர் அதிர்ச்சி' என்று பெயர் வைத்தார். தோட்டக்கலையிலிருந்து எடுத்த சொல். பிடுங்கி வேறு இடத்தில் நட்ட செடி வாடுவது. இதைக் கேட்டபோது என் தஞ்சாவூர் மூளை உடனே மறுத்தது. நாற்றைப் பிடுங்கி நட்டால்தானே நெல்? பிடுங்குவது எப்படிக் காயமாகும்? சில நாள் வாடும், பிறகு பச்சை பிடிக்கும், நாற்றங்காலில் இருந்ததைவிட நன்றாகவே தூர் கட்டும்.

இந்த மறுப்பை நான் கொஞ்ச நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். இடம் மாற்றுவதே தவறு என்று சொல்பவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்; ஆற்றங்கரையில் வருடா வருடம் மூழ்கச் சொல்கிறீர்களா என்றும் கேட்டேன். பிறகு ஊருக்குப் போயிருந்தபோது நடவு நடந்த வயலைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வயலில் நாற்றை யாரும் தனித்தனியாக நடவில்லை. இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒரு குத்தாக நடுகிறார்கள். வேரோடு ஒட்டிய சேறு கொஞ்சம் கூடவே போகிறது. வயலில் முன்பே தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்து, சேறாக்கி வைத்திருக்கிறார்கள். பிடுங்கிய நாற்றை வெயிலில் கிடத்துவதில்லை.

நாம் செய்வதோ குலுக்கல். யாருக்கு எந்த பிளாக், எந்த மாடி என்பதை ஒரு பெட்டிக்குள் கை விட்டு எடுக்கும் சீட்டு முடிவு செய்கிறது. ஊழலைத் தடுக்கும், எல்லோரும் சமம், நியாயமான முறை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் சுவர் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகள் சீட்டில் பிரிந்து இரண்டு கோடிகளுக்குப் போகின்றன. வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போன எதிர்வீட்டுக் கிழவி இப்போது நான்கு பிளாக் தள்ளி, ஐந்தாம் மாடியில். மருந்து வாங்க அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கடன் கொடுத்தவர் எங்கே போனார் என்றே தெரியாது. மனக்காயத்துக்கு மருந்தாக ஆய்வாளர்கள் சொல்வதில் முக்கியமான ஒன்று தெரிந்த மனிதர்களின் துணை. அதை வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே, நியாயம் என்ற பெயரில் பிடுங்கிவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குத்தாக ஒரே சீட்டு எடுக்க அனுமதித்தால் சமத்துவம் கெட்டுவிடாது. செலவும் கிடையாது. மாடி ஏற முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குலுக்கலாம். இதற்கெல்லாம் மனநல நிபுணர் வேண்டியதில்லை, நடவு நட்ட யாரையாவது கேட்டால் போதும்.

கேட்காமல் இருப்பது

மனக்காயம் பற்றிப் பேசுபவர்களிடம் ஒரு வாசகம் அடிக்கடி வரும். 'உனக்கு என்ன கோளாறு என்று கேட்காதே. உனக்கு என்ன நேர்ந்தது என்று கேள்' என்பது. மருத்துவமனைகளையும் காப்பகங்களையும் பொறுத்தவரை அது ஒரு பெரிய திருப்பம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஏழைக்கு, 'என்ன நேர்ந்தது' என்ற கேள்வி ஒன்றும் புதிதல்ல. அதைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்? குடும்ப அட்டை ஏன் இல்லை? வெள்ளத்தில் போயிற்று. எந்த வெள்ளம், எந்தத் தேதி, புகார் கொடுத்தீர்களா, அந்த நகல் எங்கே? அடுத்த மேசையில் மறுபடி முதலிலிருந்து. கணவர் எங்கே? இறந்துவிட்டார். எப்படி இறந்தார்? குடித்து. அதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரிசையில் இருபது பேர் நிற்கும்போது.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சில வாரம் மாணவத் தொண்டனாக இருந்தேன். நல்லெண்ணம் கரைபுரண்ட காலம் அது. குழந்தைகளின் மனத்தை ஆற்றுகிறோம் என்று வெள்ளைத்தாளும் கிரேயானும் எடுத்துக்கொண்டு குழுக்கள் வந்தபடி இருந்தன. ஒரே சிறுவனை மூன்று குழுக்கள் அலையை வரையச் சொன்னதை நான் பார்த்தேன். மூன்றாவது குழு வந்து உட்கார்ந்ததும், அவர்கள் வாய் திறக்கும் முன்பே அவன் நீலக் கிரேயானை எடுத்துவிட்டான். துணிக்கடைப் பையை என் முன்னால் வைத்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். இருவருக்கும் வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. கொடுத்துவிட்டால் போய்விடுவார்கள்.

பேரிடருக்கு உடனே பின்னால், நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்து இறக்கிவைக்கும் முறையால் பெரிதாகப் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் கதை சொல்லும்படி நெருக்காதீர்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. சொல்ல விரும்பினால் கேளுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கொடுங்கள், போர்வை கொடுங்கள், உறவினரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

அலுவலகத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? மருத்துவமனையில் செவிலியர் ரத்தம் எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறார். எதிரில் இருப்பவருக்கு நோய் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா போடுகிறார்? எல்லோருக்கும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு போடுகிறார். அதே மாதிரிதான். கதவுக்குப் பின்னால் இருப்பவர் என்னென்ன பட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். ஒருமுறை சொன்ன விவரத்தை நான்கு மேசையிலும் சொல்லவைக்காமல் ஒரு தாளில் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புவது, டோக்கன் எண்ணை மட்டும் கூப்பிட்டுவிட்டுச் சாவுச் செய்தியைத் தனியறையில் கேட்பது, இன்றைக்கு வேலை ஆகாது என்றால் அதைக் காலை பத்து மணிக்கே சொல்லிவிடுவது. இவ்வளவுதான் கையுறை.

சாக்பீஸுக்குப் பதிலாக

நாங்கள் அந்த பிளாக்குக்கு மறுபடி போக ஆறு வாரம் ஆயிற்று. முதலில் ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இது வெறும் பள்ளிக் கணக்கெடுப்புதான், பயப்பட வேண்டாம் என்று அறிவிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நல்ல வேளை, அங்கேயே வசிக்கும் ஒரு பெண் கூட இருந்தார். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அறிவித்ததும் ஆட்டோவில்தான், சார்" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எது காயத்தைக் கிளறும் என்பதை நான் எவ்வளவு படித்தாலும் யூகிக்க முடியாது. சாக்பீஸ், ஆட்டோ, அதிகாலைத் தட்டல், காக்கி நிறக் கால்சட்டை. பட்டியல் என்னிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது.

அந்தப் பெண்ணும் அவருடைய தோழிகள் மூன்று பேரும் சொன்னபடி நடந்துகொண்டோம். எட்டு மணிக்கு முன் கதவைத் தட்டுவதில்லை. முதலில் அவர்கள் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள், மறுநாள்தான் நாங்கள். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பது, கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பது. ஆதாரைக் கேட்பதே இல்லை, நீட்டினாலும் வாங்குவதில்லை. கணக்கு எங்கள் நோட்டில், கதவில் அல்ல. இந்தத் தாள் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்பதை முதலிலேயே சொல்வது. எல்லாவற்றையும்விட, எடுத்த கணக்கோடு திரும்பி வருவோம் என்று தேதி சொல்லி, அந்தத் தேதியில் வருவது. அதை அவர்கள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பொட்ரேரோ மேட்டில் உள்ள பழைய பொதுக் குடியிருப்பை இடித்துக் கட்டும் திட்டத்தில் இறங்கியவர்கள் 2014-இல் எழுதிய அறிக்கையை இதற்குப் பிறகுதான் படித்தேன். கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை, வந்தால் சண்டை, வாக்குறுதி கேட்டுக் கேட்டுச் சலித்த மக்கள். அவர்கள் கண்டுகொண்ட வழியில் பெரிய சித்தாந்தம் ஒன்றும் கிடையாது. பெரிதாக வாக்களிக்காதே, சொன்னதைச் சொன்ன நாளில் செய், சின்னதாக ஆரம்பித்து வருடக்கணக்கில் விடாமல் செய். காலையில் பெரியவர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போவது அவர்களுடைய திட்டங்களில் ஒன்று. தினமும் அதே நேரம், அதே முகங்கள். சொன்னபடி ஒருவர் வருவார் என்பதை உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னிடம் கோபமாகக் கேட்ட கேள்வியைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. "முதலில் லிஃப்ட் ஓடட்டும், குழாயில் தண்ணீர் வரட்டும். மனக்காயம் எல்லாம் அப்புறம். இதெல்லாம் செலவு செய்யாமல் நல்ல பெயர் வாங்கும் வழி." முக்கால்வாசி அவர் சொல்வது சரி. மென்மையாகத் தட்டப்படும் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் அந்த மென்மையை வைத்து என்ன செய்வது? ஆனால் லிஃப்ட்டை 'அப்புறம்' என்ற வரிசையில் வைப்பவர்கள் யார் என்று பார்த்தால், மனக்காயத்தையும் அதே வரிசையில்தான் வைக்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவேன். இரவில் மாடிப்படியில் எரியும் ஒரு விளக்கு, டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு எந்த ஆற்றுப்படுத்துநரையும்விடப் பெரிய ஆறுதல்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்த பல வீடுகளில் எச்சரிக்கை வருவதற்கு முன் தண்ணீர் வந்துவிட்டது. அப்படித் தப்பியவர்களைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் கொண்டுபோய்க் குடிவைத்தோம். செம்மஞ்சேரியில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தண்ணீர் நிற்கும் படம் பத்திரிகையில் வருகிறது. தரைத்தளத்து வீடுகளில் பெரிய மழை இரவுகளில் யாராவது ஒருவர் முறைபோட்டு விழித்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தர வேண்டும்? மூச்சுப் பயிற்சியா? வடிகால் வேண்டும். அது வரும்வரை, எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு இந்தத் தெருவுக்கு வரும் என்பதைச் சொல்லும் ஒரு மனிதர் வேண்டும், அவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நண்பரிடம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது. ஓர் ஊழியரை எனக்குத் தெரியும். வீடுகள் இடிக்கப்பட்ட நாளில் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசித்தவர். அவரே அப்படியொரு குடிசைப் பகுதியில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவர். ஒரு கிழவி தன் காலில் விழுந்ததைச் சொல்லிவிட்டு, "அன்றிலிருந்து பட்டியல் வாசிக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, சார்" என்றார். கவுன்ட்டரில் நாம் எரிச்சலோடு கண்டுகொள்ளும் அந்தக் கல்முகம் எப்படி உண்டாகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரை யாரும் எந்த வகுப்புக்கும் அனுப்பவில்லை. இடிப்புக்கு மறுநாள் அரை நாள் விடுப்பு கேட்டதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்களாம்.

சொன்ன தேதியில் கணக்கோடு திரும்பிப் போனோம். ஒரு மாடிக்கு ஒரு தாள், பெரிய எழுத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினோம். மூன்றாம் மாடியில் அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் வீட்டு வரியைத் தேடினார். குடும்ப உறுப்பினர்கள் நான்கு என்று இருந்தது. அவர் சொல்லித்தான் நாங்கள் எழுதியது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து கதவோரம் நின்றாள். கணவனை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறதாம். ஒதுக்கீட்டு ஆணையில் பெயரில்லாதவர்கள் இருந்தால் வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் யார் வந்து கேட்டாலும் அவளும் குழந்தையும் சமையலறைக்குள் போய்விடுவார்கள். நாங்கள் முதல் நாள் கேட்டபோதும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

"ஆறு என்று எழுதிக்கொள், தம்பி" என்றார்.

நான்கை அடித்து ஆறு என்று எழுதினேன். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். தாளின் நகல் ஒன்று வேண்டும் என்றார். மாலையில் கீழே உள்ள கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுபடி மாடியேறினேன். வாங்கி நான்காக மடித்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிக்கடைப் பையில் மற்ற காகிதங்களோடு வைத்துவிட்டு, பையை அதே ஆணியில் மாட்டினார்.